முப்பது மைக்ரான் தெற்கே

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். நம்பாதவர்கள் எந்தக் கோயில் வாசலிலும் சூடம் ஏற்றி வைக்கட்டும். ஒரு கையால் அல்ல, இரண்டு கையாலும் அடித்து அணைத்து நான் சத்தியம் செய்கிறேன்.

சுந்தராபுரத்தில், வீட்டுக்குப் பின்னால் இருந்த தகர ஷெட்டில், மாசி மாதத்து உச்சி வெயிலில் நரசிம்மலு, இம்மி நகர்ந்தாலும் முள் காட்டிக்கொடுக்கும் டயல் கேஜைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பதினாலு மாதம் சோறு தண்ணி பாராமல் அவரே கட்டிய, கம்ப்யூட்டர் சொன்ன அளவில் உலோகம் வெட்டும் சி.என்.சி. மில்லிங் மெஷினின் டேபிளை அது அளந்துகொண்டிருந்தது. டேபிள் எங்கே ஓடிவிட்டு ஜீரோவுக்குத் திரும்பினாலும் டயல் முள்ளும் ஜீரோவில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. முப்பது மைக்ரான், அதாவது அரைத் தலைமுடி, தெற்கே தள்ளி நின்றது.

நாலு மணிக்குள் பம்ப் கம்பெனிக்கு மாதிரித் துண்டு போக வேண்டும். தேறினால் சொந்தத் தொழில். தேறாவிட்டால் மறுபடியும், மீசை முளைக்காத ஃபோர்மேன் 'யோவ்' என்று கூப்பிடுகிற லேத் பட்டறை.

மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங் திருகை இறுக்கினார். முப்பது அறுபதானது. ஸ்க்ரூவில் ஓடும் நட்டை ஆட்டிப் பார்த்தார், ஆட்டமில்லை. மோட்டார் வயரைத் தனியாக இழுத்துக் கட்டினார். நூறு. எல்லாம் தெற்கேதான். ஒரு தடவை வடக்கே தவறியிருந்தால்கூட மனிதர் மன்னித்திருப்பார்.

மனைவி வரலட்சுமி மோர்ச் சொம்போடு வந்தவள், காலையில் வெட்டிய துண்டை வெர்னியர் அளவுகோலில் அளந்தாள்.

"ஏனுங்க, துண்டு சரியாத்தானுங்க இருக்குது. குடுத்துப்போட்டு வாங்க."

"டயல் தப்புக் காட்டுது, கண்ணு தெரியலையா?"

"அவிங்க கேட்டது துண்டைத்தானுங்களே? டயலையா கேட்டாங்க?"

"அப்ப நீயே கம்பெனி நடத்து அம்மணி. போ!"

அவள் துண்டை மஞ்சள் பையில் போட்டுக் கதவுக் கொண்டியில் மாட்டிவிட்டுப் போனாள். அதன் பிறகுதான் அந்த வாடை வந்தது. எண்ணெய் வாடை அல்ல, சூடேறிய அலுமினிய வாடையும் அல்ல. மழை நின்ற பின் தோட்டத்தில் மண்வெட்டி போட்டுக் கிளறினால் எழுமே, அந்த ஈரமண் வாடை. வெளியே தகரம் வெயிலில் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. தெற்கே, கிணத்துக்கடவிலிருந்து தம்பி அழகிரிசாமி.

"ஏனுங்கண்ணா, நடுவரப்புக் கல்லைக் காணோமுங்க. நாளைக்கு சர்வேயர் வாராருங்க."

"ஆடு மேஞ்சிருக்கும்."

"கல்லையுங்களா?"

"உன்ற ஆடுதானே, திங்கும்."

போனை அணைத்தார். பங்கு பிரித்த அன்று அப்பா நட்ட ஆறடிக் கருங்கல் அது. 'அண்ணன் அளந்ததுல எதுங்க நேரா இருந்திருக்குது?' என்று ஊரார் முன்னால் தம்பி கேட்ட ஆத்திரத்தில், போன மாதம் அதைப் பிடுங்கி டெம்போவில் ஏற்றி வந்தவர் நரசிம்மலு. இரும்பு அடிக்கட்டை அதிர்கிறது, கருங்கல் அசையாது. இடுப்பு உயரத் திண்டின் மேல் படுக்கவைத்து, நாலு துளை போட்டு, மெஷினை அதன் மேல்தான் முடுக்கியிருந்தார்.

மெயின் சுவிட்சை அடித்து அணைத்தார். ஃபேன் சுற்றி ஓய்ந்தது. மோட்டார் செத்துக் கிடந்தது.

முள் நகர்ந்தது.

அப்போதுதான் உறைத்தது. மெஷின் உடம்பு அலுமினியம், காந்தம் ஒட்டாது என்று, காந்தக் கால் வைத்த டயலை அவர் அதில் மாட்டவே இல்லை. தெற்குச் சுவரின் இரும்புத் தூணில் ஒட்டியிருந்தார். துண்டு சரி. டேபிள் சரி. சுவருக்கும் மெஷினுக்கும் நடுவேதான் ஏதோ சரியில்லை.

அப்போதே பையை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால், அளவு தப்பென்றால் எது தப்பென்று பார்க்காமல் போக, அவர் என்ன அழகிரிசாமியா? கல்லின் முனைக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்தார். காலையில் அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்த இடம். இப்போது வயிற்றை எக்கிக்கொண்டு நுழைய வேண்டியிருந்தது. கோபத்தில் அதை அவர் கவனிக்கவில்லை.

டயலின் நுனியைக் கல்லின் மேலேயே வைத்தார்.

மண்ணுக்குள் இருந்த பக்கம் அது. ஈரமாக இருந்தது.

முள் ஒரு சுற்று சுற்றியது. இரண்டு. சத்தமே இல்லை.

"நில்றா!"

மூன்று. முதுகில் சுவர். வயிற்றில் கல். இரண்டு கையாலும் தள்ளினார். கை வழுக்கியது. சேறு. அவருக்குப் பயம் வரவில்லை என்றால் பொய். இதில் பொய் கிடையாது.

"வரா..."

மூச்சு அதற்குமேல் இல்லை.

நாலு மணிக்கும் மஞ்சள் பை கொண்டியில் தொங்கியது. டயல் முள் சுற்றிக்கொண்டே இருந்தது. சுவரோரமாக, கல் அவர் வயிற்றில் இறங்கிய இடத்தைச் சுற்றி, அவருடைய சட்டையின் மேல் ஈரமண் ஒட்டியிருந்தது. கல் நட்டால் மண் அணைத்து மிதிப்பார்களே, அவ்வளவு நேர்த்தியாக.

கிணத்துக்கடவு நடுவரப்பில், யாரும் திரும்ப நடாமலே, அப்பா நட்ட அந்த ஆறடிக் கல் இன்றைக்கும் நேராக நிற்கிறது; அவர் போட்ட நாலு துளையில் ஒன்றுகூட அதில் இல்லை.