மாற்றி எழுதிய பெயர்

தோத்தாத்ரி தோசைத் தட்டைத் தள்ளிவிட்டு, நான்கு தாள்களை மேஜைமேல் வீசினார். மணி எட்டு. பதினொரு மணிக்குள் அவர் மனைவி ரமா அவற்றைத் தாம்பரம் கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வருஷம் படித்த எம்.ஏ. அத்தோடு சரி.

"முதல் பக்கமே போறும்டி! 'இருபத்தாறு வருஷமா இந்த ஆத்துல உழைக்கறேன், அவர் ஒரு நாள் என் இஷ்டத்தைக் கேட்டதில்லை'... என் மானத்தைக் காலேஜ்ல கொண்டுபோய்க் கடை பரப்பறியா?"

"அது... நான் இல்லை..."

"பின்னே யாரு? சொல்லு!"

ரமா சிதறிய தாள்களைப் பொறுக்கி அடுக்கினாள்.

மகன் அனிருத் வேலைக்குப் போன பிறகு, நாற்பத்தெட்டு வயதில் அவள் மகளிரியல் படிக்கச் சேர்ந்தாள். "சரித்திரம் கொஞ்சம், சட்டம் கொஞ்சம், எகனாமிக்ஸ் கொஞ்சம்... இது படிப்பா, கதம்ப சாதமா?" என்று அன்றைக்கே கேலி செய்தவர்தான் இவர். அத்தனையையும் சேர்த்து ஒரே ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும் என்பதுதான் கடைசிக் கட்டுரை. பேசிய பெண் யாரென்று எவரிடமும் சொல்லக் கூடாது. அப்படி எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தாள் ரமா. பெயரை மாற்றினாள். உறவு தெரியக் கூடாதென்று எல்லா இடத்திலும் வெறும் 'அவர்' என்று போட்டாள். அதுவே அவள் தலையில் விடியும் என்று கண்டாளா, பாவம்!

"வாயைத் திறக்க மாட்டே இல்லே? அப்போ இதைக் கிழி. இல்லே, இன்னியோட காலேஜுக்கு முழுக்குப் போடு!"

"கிழிக்க மாட்டேன்." ரமாவின் கண்ணீர் பொலபொலவென்று உதிர்ந்தது. "நான் போகலை... படிப்பு போனாப் போகட்டும். யாருன்னு மட்டும் கேக்காதீங்கோ!"

சமையலறையில் அடுப்பு அணைந்தது. தோசைத் திருப்பியோடு வாசற்படியில் வந்து நின்றாள் சந்திரிகா, தோத்தாத்ரியின் தங்கை. கல்யாணமாகாமல் அந்த வீட்டிலேயே ஐம்பதைத் தாண்டியவள். அண்ணன் எதிரில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

"மூணாவது பக்கத்தைப் படி அண்ணா."

"நீ உள்ளே போ!"

"படி!"

அவர் படித்தார். 'கோயமுத்தூரில் டெலிபோன் ஆபீஸ் வேலை. நாலு மாசம்தான் போனேன். அம்மா படுத்துவிட்டாள். ராஜினாமாக் கடிதத்தை அவரே எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். என்னிடம் கையெழுத்து மட்டும் கேட்டார்...'

அவர் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தார்.

"சந்திரி... இது..."

"நான்தான். மன்னிகிட்ட நானாத்தான் சொன்னேன். நீ இல்லாதப்போ, மூணு மத்தியானம். உன்னைத் திட்டலை அண்ணா... ஒரு தடவை யாராவது கேக்கணும்னு இருந்தது. மன்னி கேட்டா!" அவள் ரமாவிடம் திரும்பினாள். "ஏன் மன்னி, என்னைக் காட்டிக் கொடுத்திருந்தா உங்க படிப்பு பிழைச்சிருக்குமே!"

"நீ என்னை நம்பிப் பேசினே. அதை எப்படி..." முடிக்க முடியாமல் ரமா அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் விம்மினார்கள்.

தோத்தாத்ரி நாற்காலியில் சரிந்தார். அம்மாவுக்காகத்தானே என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தார். தங்கையைக் கேட்டோமா என்று நினைத்ததே இல்லை.

"ரமா... தப்பு என்மேல. மன்னிச்சுடு." தங்கையிடம் திரும்பினார். "சந்திரி, இந்தப் பக்கம் வேண்டாம்னா எடுத்துடலாம். நீ சொல்றதுதான்."

"எடுக்க வேண்டாம். பேரை மட்டும் மாத்தணும். யார் பேரோ எதுக்கு? என் பேரே இருக்கட்டுமே மன்னி."

பேசியவரே விரும்பினால் கல்லூரி விதியில் அதற்கும் இடம் உண்டு. ரமா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தாள்.

தோத்தாத்ரி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பழக்கத்தில் கை தாளின் பக்கம் போனது. சட்டென்று நிறுத்தி, பேனாவைத் தங்கையிடம் நீட்டினார்.

"இந்தத் தடவை நான் எழுதலைம்மா. நீயே எழுது."