இரும்புக்கு இங்கே இடமில்லை

போன் அலறியது.

ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஸ்கேன் சென்டர். காலை பத்தே கால். எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன் பூர்ணிமா பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எடுத்தாள்.

"பதினொரு மணிக்கு ஒரு பேஷண்ட் வருவார்." கிசுகிசுப்பான ஆண் குரல். "அவரை மெஷின் உள்ள விட்டீங்கன்னா... ஆள் முழுசா வெளிய வரமாட்டார்."

"யார் பேசறது?"

கட்!

பூர்ணிமாவுக்கு எவனோ விளையாடுகிறான் என்று ஒதுக்க மனசு வரவில்லை.

"இன்னாமா, என் டர்ன் எப்போ?" வெயிட்டிங் ஹாலில் முழங்காலில் பேண்டேஜ் கட்டிய ஒருவர். ஒன்பது மணியிலிருந்து இதே கேள்வி.

"உக்காருங்க சார். கூப்பிடறேன்."

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஸ்ட்ரெச்சர் வந்தது. அதில் நயீம் அகமது. ஷூ ஃபேக்டரி முதலாளி. நேற்று வீட்டு மாடிப்படியில் உருண்டு விழுந்தவர். கூடவே அவர் தங்கை ஹீனாவின் புருஷன் தௌசீப் அகமது. அதே ஃபேக்டரியில் பேக்கிங் மேனேஜர்.

"விழுந்ததிலேருந்து பேச்சே போய்ட்டுது. தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லிட்டாங்க. சீக்கிரம்மா."

"உடம்புக்குள்ள மெஷின், பிளேட் ஏதாச்சும் வெச்சிருக்கா?"

"ஒண்ணுமில்ல. ஃபார்ம்ல எழுதி கையெழுத்தும் போட்டுட்டேன்."

கவுன் மாற்றப் புரட்டியபோது பூர்ணிமாவின் விரல்கள் நின்றன. இடுப்புக்குக் கீழே ஒரு தையல் தழும்பு. அதன் அடியில் கெட்டியாக ஏதோ ஒன்று...

"இது இன்னா சார்?"

"கொழுப்புக் கட்டி. பழசு."

"கட்டி இவ்ளோ சதுரமாவா இருக்கும்? ஒரு எக்ஸ்-ரே எடுத்துடலாம்."

"வேணாம். உங்களால முடியலன்னா சொல்லுங்க, வேலூர்ல வேற சென்டருக்குப் போறேன்."

அங்கே ஃபார்மை நம்பி உள்ளே தள்ளிவிட்டால்? இந்த ஆளை இங்கேயே மடக்கியாக வேண்டும். எப்படி?

நயீம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டென்று பொறி தட்டியது. மெஷின் பொருத்தியவருக்குத் தரும் கார்டை இந்த ஆள் ஒளித்திருந்தால் அவன் பாக்கெட்டில்தான் இருக்கும். இந்தப் படிப்புக்கு முன்னால் இரண்டு வருஷம் ஷூ ஃபேக்டரி பேக்கிங்கில் வேலை பார்த்தவள் அவள். உடைந்த ஊசி ஒன்று ஷூவுக்குள் போய்விட்டால் சரக்கு மொத்தமும் திரும்பி வரும். அதனால் வாசலிலேயே பாக்கெட்டைக் காலி செய்துவிட்டுத்தான் யாரும் உள்ளே போக முடியும்.

"சரி சார், எடுத்துடலாம். நீங்களும் உள்ள வாங்க, அவருக்கு தைரியமா இருக்கும்."

பிளாஸ்டிக் ட்ரேயை நீட்டினாள். ஃபேக்டரி வாசலில் பேக்கிங் சூப்பர்வைசர் போடும் அதே அதட்டல்.

"மெட்டல் கிளியர்!"

பதினைந்து வருஷப் பழக்கம். தௌசீப்பின் கை மூளையைக் கேட்கவில்லை. சாவி விழுந்தது. சில்லறை விழுந்தது. வாட்ச். கடைசியாக...

ஒரு குட்டி ரிமோட்! கூடவே ஒரு கார்டு. அதில் நயீம் அகமது என்று பெயர்.

தௌசீப் பாய்ந்தான். பூர்ணிமா ட்ரேயை இழுத்துக்கொண்டாள்.

"முதுகுவலிக்கு வைக்கற நரம்பு ஸ்டிமுலேட்டர். இது அதோட ரிமோட். மாடலைப் பார்த்து, கம்பெனியைக் கேட்டு, எம்.ஆர்.ஐ. மோடுக்கு மாத்தணும். சில மாடலுக்கு ஸ்கேனே கூடாது. அப்படியே உள்ள தள்ளியிருந்தா ஒயர் சூடாகி தண்டுவடத்தையே சுட்டிருக்கும்."

"ம... மறந்துட்டேன்..."

"ரிமோட்டை பாக்கெட்ல வெச்சுக்கிட்டா?"

"நல்லா கேளும்மா."

காலையில் போனில் கேட்ட அதே குரல். ஸ்ட்ரெச்சரில் நயீம் எழுந்து உட்கார்ந்திருந்தார்!

"மச்சான்... பேச்சு..."

"பேச்சு எங்கயும் போகல. பின்னாடியிருந்து படியில தள்ளினது யாருன்னுதான் தெரியல. வீட்ல இந்த மெஷின் விஷயம் தெரிஞ்சது ஹீனாவுக்கும் உனக்கும்தான். தள்ளினது யாரோ, அவங்கதான் ஃபார்ம்ல 'இல்ல'ன்னு எழுதுவாங்கன்னு ஊமையா படுத்தேன். என் தங்கச்சியா இருந்துடக் கூடாதுன்னு அழுதேன்டா. உடைஞ்ச ஊசியைக் காட்டுற டிடெக்டரை ஆஃப் பண்ணிட்டு குழந்தைங்க ஷூவை அனுப்பினே. வேலையை விட்டுப் போயிடுன்னேன். அதுக்கா?"

தௌசீப் தலையைத் தொங்கப்போட்டான்.

"போன் பண்ணது நீங்களா பாய்? எனக்கு ஹார்ட்டே நின்னிருக்கும்."

"நீ ஏமாந்துடக் கூடாதுல்லம்மா. இன்னொரு ஆளுக்கும் சொல்லி வெச்சேன்."

முழங்கால் பேண்டேஜ்காரர் விறுவிறுவென்று நடந்து வந்தார். கையில் விலங்கு.

"இன்ஸ்பெக்டர் ஜான்சன்."

"அங்கயே நில்லுங்க சார்! அது இரும்பு, மெஷினோட காந்தம் இழுத்துடும்."

"அப்போ ஆளை இங்க அனுப்பும்மா."

காரிடாரில் விலங்கு க்ளிக் என்றது. தௌசீப்பின் கண்கள் அவனையறியாமல் ட்ரே பக்கம் போயின.

பூர்ணிமா அதை எடுத்து உள்ளே வைத்தாள்.

"பார்க்காதீங்க சார். உங்க கையில மாட்டின மெட்டலை கிளியர் பண்ண எங்ககிட்ட ட்ரே கிடையாது!"