இரண்டு துடுப்பும் வெட்டிய கெண்டை

"இந்த மீனை எங்கேருந்து வாங்குனீங்க?"

மழைக்கு ஒதுங்கிய சாப்பாட்டுக் கடையில், வாழையிலைப் பொதியைப் பிரித்ததும், மீன் ஆராய்ச்சி செய்யும் ரெங்கனிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மஞ்சளில் வெந்த கெண்டை... வயிற்றுத் துடுப்பு இரண்டுமே இல்லை. அவளே கத்தரித்தவை! ஆராய்ச்சிக் குளத்தில் சோதித்த மீனுக்கெல்லாம் ஒரு துடுப்பை வெட்டுவாள். நோயைத் தாங்கும் மரபணு இருந்த பன்னிரண்டுக்கு மட்டும் இரண்டையும். ஆறு வருட உழைப்பு! அவள் பயிற்சிக்குப் போயிருந்த மூன்று மாதத்தில், குளத்துக் காவலாள் அந்தப் பன்னிரண்டையும்தான் 'ஊனம்' என்று கழித்து விற்றிருந்தான். பாவி!

"கடைக்குக் குடுத்தது நான்தான், நெங்." இளம்பெண்ணை மரியாதையாக 'நெங்' என்றழைத்தபடி எதிர் மேசையிலிருந்து ஒருவன் எழுந்தான். பக்கத்துச் சிராத்தா ஏரியில் மீன் வளர்க்கும் மிதவைக் கூண்டு வைத்திருக்கும் யாயன். மழை சொட்டும் முடி... கோபக்காரக் கண்கள்... அவளுக்கு ஏனோ பேச்சு தடுமாறியது.

"எங்க ஆராய்ச்சி மீனை அடுப்புக்கா அனுப்புனீங்க? அறிவிருக்கா, காங்?" அண்ணன் முறையில் அழைக்கும் அந்தக் 'காங்' மட்டும்தான் மரியாதையாக மிஞ்சியது.

"எனக்கா அறிவில்ல? போன வருஷம் நோய் வந்து என் மீனெல்லாம் செத்து மிதந்துச்சு. உங்க ஆளுங்க வந்தாங்க, துடுப்பை வெட்டுனாங்க, போனாங்க. எது பிழைக்கும்னு ஒரு வார்த்தை? வாயில என்ன கொழுக்கட்டையா?"

சுருக்கென்றது. விடுவாளா? "கிருமியோட துணுக்கைப் பிடிச்சு 'இதோ திருடன்'னு காவல் அணுக்களுக்குக் காட்டிக்குடுக்குற மரபணு அது! அதைப் போய்..."

"மீனுக்குள்ளயே தகவல் சொல்ல ஆள் இருக்கு. உங்க ஆபீஸ்லதான் இல்ல."

சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள். "மிச்சம் பதினொண்ணு?"

"இருக்கு. காவலாள் வித்த அன்னைக்கே கூண்டுல விட்டேன், இது ஒண்ணுதான் கவனிக்காம கடைக்கு வந்துடுச்சு. போன மாசம் நோய் மறுபடி வந்துச்சு. மத்ததெல்லாம் போச்சு, அதுங்களுக்கு ஒண்ணும் ஆகல."

"குடுத்துடுங்க."

"மாட்டேன். வெட்டுவீங்க, எழுதுவீங்க, மறந்துடுவீங்க. ஏரியிலயே முட்டையிடட்டும்."

'போடா!' என்று மனசுக்குள் திட்டியபடி மழையிலேயே இறங்கி நடந்தாள். மூன்று நாள் வீம்பு. நான்காம் நாள், கெண்டை முட்டையிட விரிக்கும் பனைநார்ப் பாயைச் சுமந்துகொண்டு அவன் மிதவையில் போய் நின்றாள்.

"கோபம் தீந்துச்சா?"

"தீரல! மூணு நாளா சோறு இறங்கல. கண்ணை மூடினா உங்க மூஞ்சி... அதுவே எனக்கு எரிச்சல்! பிடிச்சிருக்கு, போதுமா?"

யாயன் பாயை வாங்கிக்கொண்டான். "எனக்கும்தான், நெங்... குஞ்சு வளர ரெண்டு மாசமாகும். அதுவரை திட்டுவீங்களா?"

"ஏரியில எல்லாக் கூண்டுக்கும் அந்தக் குஞ்சு போய்ச் சேர்ற வரைக்கும் திட்டுவேன். அப்புறமும்... நீங்க போகச் சொன்னாத்தான் போவேன்."

"யாரு சொல்லப்போறா?" என்றான் யாயன்.