கொடி இறங்கிய மாலை

பொழுது சாய்ந்து, மேற்கு வானத்துச் செம்மை வெள்ளாற்றின் நீரில் கரைந்துகொண்டிருக்க, கிழக்கே புன்னை மரங்களுக்கு மேலே பௌர்ணமிச் சந்திரன் மெல்லத் தலைநீட்டிய அந்த இனிய வேளையில், நங்கைபுரிக் கோட்டை மதில்மேல் நின்ற சேந்தன் காரி தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

வாசகப் பெருமக்கள் அந்தக் கழுத்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அது அவனுடையதன்று. காரி வேளைக்காரப் படையின் தலைவன். மன்னர் உயிர் பிரிந்தால் அன்றே தன் தலையைத் தானே அரிந்து உடன் செல்வதாகக் கொற்றவை முன் சத்தியம் செய்தவன். மன்னரோ ஒரு மாதமாகப் படுக்கையில் இருந்தார். வைத்தியர் கஞ்சியைத் தவிர வேறெதையும் அவர் கண்ணில் காட்டவில்லை. மன்னர் மறைந்தால் அரண்மனை உச்சியில் பறக்கும் செங்கொடியை இறக்குவது அந்நாட்டு வழக்கம்.

கொடி இப்போது அங்கே இல்லை!

காரியின் கண்களில் நீர் பெருகியது. சாவுக்கு அவன் அஞ்சவில்லை. பதினெட்டுப் போர்களில் புறமுதுகு காட்டாதவன். ஆனால் சொல்லாமல் விட்ட சொற்கள் இரண்டு நெஞ்சில் கிடந்து உறுத்தின. நிலவு உச்சிக்கு வரும்வரை அவகாசம் இருந்தது.

முதலில் சேனாபதி வில்லவதரையரின் மாளிகைக்குச் சென்றான்.

"ஐயா, பத்தாண்டுகளாகத் தங்கள் வெண்பாக்களுக்குத் தலையசைத்துப் பாவம் தேடிக்கொண்டேன். அவற்றைப் பகைவர் பாசறையில் பாடியிருந்தால் பாதிப் போர்களைத் தவிர்த்திருக்கலாம்!"

சேனாபதி திறந்த வாயை மூடுமுன் காரி நந்தவனத்தை அடைந்துவிட்டான்.

நந்தவனத் தலைவி அரிஞ்சிகை வாய்க்காலை அடைத்துக்கொண்டிருந்தாள். நந்தவனத்தை ஒட்டிய ஆற்றுப் படித்துறையில், கட்டியிருந்த படகின் அருகே, முக்காடிட்ட கிழப் படகோட்டி ஒருவன் வாழையிலையில் வறுத்த மீனைச் சுவைத்துக்கொண்டிருந்தான்.

"வாரும். மழை வருமா என்றுதானே கேட்கப் போகிறீர்?" என்றாள் அரிஞ்சிகை. "பன்னிரண்டு ஆண்டுகளாக அதைத்தானே கேட்கிறீர்!"

"ஒவ்வொரு நாளும் கேட்க வந்தது வேறு, அம்மணி. தங்களை மணக்க விரும்பினேன். செடிகளைத் தாங்கள் அதட்டும் குரலைக் கேட்காத நாள் எனக்கு நாளே அன்று. மன்னர் மறைந்துவிட்டார், இன்று என் உயிரும் போகும். இந்தச் சொல்லும் என்னோடு போய்விடக் கூடாது."

மண்வெட்டி அவள் கையிலிருந்து நழுவியது.

"பாவி மனிதரே! இத்தனை ஆண்டுகளாக வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தீர்? சம்மதம் என்று சொல்ல எத்தனை மாலை காத்து நின்றேன்! இன்று வந்து சாகப் போகிறேன் என்கிறீரே!" அவள் தேம்பி அழுதாள்.

வாழ்க்கையில் முதன்முறையாகக் காரிக்குச் சாவு கசந்தது. ஆயினும் சத்தியம் சத்தியந்தானே? மண்டியிட்டு வாளை உருவினான்.

"காரி, பொறு! முள் தொண்டையில் சிக்கிக்கொண்டது... ம், போய்விட்டது. யாரப்பா செத்தது?"

படகோட்டி முக்காட்டை விலக்கினான். முக்காடு அரண்மனைச் செங்கொடி; அதற்குள்ளே இருந்தவர் மன்னர்!

"வைத்தியர் எனக்கு நாள் குறித்துவிட்டார். கஞ்சி குடித்துக் கண்மூட மனமில்லை. ஒருமுறையேனும் ஆற்றுமீன் தின்ன வேண்டும் என்று தோன்றியது. மாடத்திலிருந்து இறங்கக் கொடிக்கயிறுதான் அகப்பட்டது. கொடியும் கூடவே வந்துவிட்டது" என்றார் மன்னர், விரலை நக்கியபடி. பிறகு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உன் தலை எனக்குரியதல்லவா? அதை இந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். இனி அவளிடம் சத்தியம் செய்."

காரி வாளைத் தொட்டான். "இவள் வாழும் நாள்வரை நான் சாக மாட்டேன். கொற்றவை ஆணை!"

அதே கணம் நந்தவன வாயிலில் ஒரு கர்ஜனை எழுந்தது. "எங்கே அந்தக் காரி? என் வெண்பாவையா பழித்தான்?" உருவிய வாளுடன் சேனாபதி ஓடிவந்துகொண்டிருந்தார்.

பதினெட்டுப் போர்களில் புறமுதுகு காட்டாத வீரன், சத்தியத்தைக் காப்பாற்றும் பொருட்டு, அரிஞ்சிகையின் கையைப் பற்றிக்கொண்டு தலைதெறிக்க ஓடிப் படகில் பாய்ந்தான். மீதி மீனை மடியில் கட்டிக்கொண்டு மன்னர் துடுப்பை எடுத்தார்.