பத்தொன்பதாம் லைன்

பத்தொன்பதாம் எண் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெல்மா அதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலை நேரத்தில் அந்தப் பலகையில் பாதி விளக்குகள் எரிவது வழக்கம்தான். கப்பல் கட்டும் தளத்தில் இரவு வேலை முடித்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் நேராக மதுக்கடைக்குப் போய், அங்கே நிற்கும் பாட்டுப்பெட்டியில் ஐந்து சென்ட் காசைப் போட்டு, அதன் நெற்றியில் இருக்கிற கம்பிவலையில் வாயை வைத்து, எந்தப் பாட்டு வேண்டும் என்று கத்துவார்கள். டகோமா நகரத்துக் கடைகளிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக வந்து சேரும் அந்தக் கத்தலைக் காதில் வாங்கி, இந்த மாடியறையில் இசைத்தட்டைச் சுழலவிட்டு, பாட்டை அதே கம்பியில் திருப்பி அனுப்புவதுதான் வெல்மாவுக்கும் லொரெய்னுக்கும் வேலை. ஆனால் பத்தொன்பது என்பது ஹால்வர்சன் கடை. ஹால்வர்சன் கடையின் கதவில் பலகை அடித்து மூடிக் குளிர்காலம் ஒன்று போய்விட்டது. போர் முடியும்வரை புதுப் பெட்டி செய்யப்போவதில்லை என்று ஆகிவிட்டதால், அங்கிருந்த பெட்டியையும் தூக்கிவந்து உதிரி பாகங்களுக்காகப் பிரித்துப் போட்டிருந்தார்கள்.

"லொரெய்ன், பத்தொன்பது எரியுது."

லொரெய்ன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இசைத்தட்டு ஊசியை வெளிச்சத்தில் பிடித்து, இன்னும் எத்தனை பாட்டுக்குத் தாங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஈரம்டி. அங்க சுவத்துல அறுந்த வயர் தொங்குதுல்ல, அது நனைஞ்சிருக்கும். இந்த ஊர் மழைக்கு என் பல்லுகூடத் துரு பிடிக்குது. விடு, காஞ்சா தானா அணைஞ்சிடும்."

வெல்மா விட்டுவிட்டாள். எதையும் விட்டுவிடுவது இப்போதெல்லாம் அவளுக்குச் சுலபமாக இருந்தது. அலூஷியன் தீவுகளுக்குச் சரக்கு ஏற்றிப்போன அவள் கணவன் ஆர்விடின் கப்பலைக் காணவில்லை என்று தந்தி வந்த அன்றும் அவள் அழவில்லை. தந்தியை மடித்து வைத்துவிட்டு, அடுப்பில் இருந்த உருளைக்கிழங்கு கரிந்துவிடாமல் இறக்கினாள். தேவாலயத்துப் பெண்கள் மூடி போட்ட பாத்திரங்களில் சாப்பாடு கொண்டுவந்தார்கள், தோளைத் தொட்டார்கள், போனார்கள். அவள் சாப்பிட்டாள். மனசு மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். பல் பிடுங்கிய பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல இருக்குமே, அப்படி.

ஒன்றே ஒன்றுதான் அவளை உறுத்தியது. ஆர்விடின் குரல் அவளுக்கு மறந்துபோய்விட்டது. முகம் நினைவிருந்தது, சட்டைக் காலரின் அளவு நினைவிருந்தது, ஹெர்ரிங் மீனைத் தின்றுவிட்டு விரலை நக்குவது நினைவிருந்தது. அவன் பேசியதெல்லாம் வார்த்தை வார்த்தையாக இருந்தது. ஆனால் தலைக்குள் அதைச் சொல்லிப் பார்த்தால் அவளுடைய குரலிலேயே வந்தது. அந்தக் குரலை இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் உள்ளே ஏதாவது அசையும், அழுகையாவது வரும் என்று அவள் நம்பினாள். கேட்காமலே போய்விட்டால் மிச்ச ஆயுளையும் இப்படியே உருளைக்கிழங்கு இறக்கிக்கொண்டே கழிக்க வேண்டியதுதான்.

அறையில் ஜன்னல்களுக்குக் கறுப்புச் சாயம் பூசியிருந்தது. எதிரி விமானத்துக்கு வெளிச்சம் தெரியக்கூடாது என்று பூசியது. வெளியே எந்நேரமானாலும் உள்ளே ராத்திரிதான். சூடேறிய ஒலிபெருக்கி வால்வுகளின் வாசனை, அதன்மேல் படிந்த தூசி கருகும் வாசனை, ஆணியில் தொங்கும் நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாசனை, பங்கீட்டுக் காப்பித்தூளில் சிக்கரி கலந்து லொரெய்ன் காய்ச்சும் கசப்பின் வாசனை எல்லாம் ஒன்றாகிக் கூரைக்குக் கீழே தேங்கி நின்றன. பழைய இசைத்தட்டுகளை உடைத்து அரைத்துச் செய்த போர்க்காலத் தட்டுகள் பாட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் மணலை வாரி இறைப்பதுபோல இரைந்தன. அந்த இரைச்சலுக்கு அடியில், கூர்ந்து கேட்டால், இன்னொரு இரைச்சலும் இருந்தது. இன்றைக்குத்தான் அது வெல்மாவின் காதில் பட்டது.

ஏழாம் எண்ணைத் தட்டினாள். "ரூபி பேசறேன். என்ன பாட்டு வேணும்?"

"ரூபி தங்கம்!" ஒரு பெண், குடித்திருந்தாள். "என் வீட்டுக்காரர் இன்னிக்கு ரயில் ஏறறாரு. மெதுவா ஆடற மாதிரி ஒண்ணு போடு. சோகமா மட்டும் போட்டே, அங்க வந்து உதைப்பேன்."

"சரிம்மா, போடறேன்."

ரூபி என்பது லைன் பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே லொரெய்ன் சொல்லிவிட்டாள்: காது கொடு, பாட்டு கொடு, பெயரை மட்டும் கொடுக்காதே. ஒரு தடவை எவளோ உண்மைப் பெயரைச் சொல்லிவிட, மாலுமி ஒருவன் ஊரெல்லாம் விசாரித்து இந்த மாடிப்படியில் வந்து உட்கார்ந்துவிட்டானாம். அதனால் லொரெய்ன் லைனில் டெய்ஸி. வெல்மா ரூபி. ஆர்விடுக்கு இது தெரியாது. அவன் கப்பலேறிய பிறகுதான் அவள் இந்த வேலைக்கே வந்தாள்.

ஆனால் லொரெய்னுக்கு ஆர்விடைத் தெரியும், குரலாக மட்டும். ஹால்வர்சன் கடையில் உட்கார்ந்து அவன் கேட்ட பாட்டெல்லாம் அவள் போட்டதுதான். "உன் ஆளு ஒரு நாளும் பாட்டு நம்பர் சொன்னதில்லடி," என்று ஒருமுறை சொல்லிச் சிரித்தாள். "நல்லதா ஒண்ணு போடு, உனக்குப் பிடிச்சதும்பாரு. பாவம் மனுஷன், பட்டியலைப் படிக்கச் சோம்பேறி."

பத்தொன்பது இன்னும் எரிந்தது. மற்ற விளக்குகள் காசு விழுந்ததும் பளிச்சென்று வரும், பாட்டு போட்டதும் பட்டென்று போகும். இது மூச்சு வாங்குவதுபோலக் கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, எரிந்தது. வெல்மா அதைப் பார்க்காமலிருக்க ஒன்பதைத் தட்டினாள், பன்னிரண்டைத் தட்டினாள், தட்டு மாற்றினாள், ஊசியைத் துடைத்தாள். கண் திரும்பத் திரும்ப அங்கேயே போய் நின்றது. எரிகிற விளக்குக்குப் பதில் சொல்லிப் பழகிய கை அது. கடைசியில் அவளைக் கேட்காமலே நீண்டு, பத்தொன்பதாம் ஸ்விட்சைத் தட்டியது.

காதில் கடைச் சத்தம் எதுவும் வரவில்லை. எந்தக் கடையைத் திறந்தாலும் முதலில் கண்ணாடிக் கோப்பை உரசும், முக்காலி இழுபடும், யாராவது இருமுவார்கள். இங்கே ஒன்றுமில்லை. நிறைய இடம் இருக்கிற சத்தம் மட்டும் இருந்தது, சுவரே இல்லாத இடத்தின் சத்தம். அதற்குள் எங்கேயோ, ரொம்ப தூரத்தில், ஏதோ ஒன்று கம்பிவலைக்குப் பக்கத்தில் வருவதற்காக மெதுவாக நகர்ந்தது.

"ரூபி பேசறேன்," என்றாள், பழக்கத்தில். "என்ன பாட்டு வேணும்?"

மூச்சு. பிறகு:

"நல்லதா ஒண்ணு போடு. உனக்குப் பிடிச்சது."

கழுத்துப் பிடரியில் மயிர் எழுந்து நின்றது. அவளுக்கு முன்னால் அவள் உடம்பு கண்டுகொண்டது. கொஞ்சம் கரகரப்பு, வார்த்தை முடிகிற இடத்தில் ஒரு சின்ன இழுப்பு. இத்தனை மாதமாகத் தலைக்குள் தேடித் தேடிக் கிடைக்காத குரல்.

"ஆர்விட்?"

"நல்லதா ஒண்ணு போடு, ரூபி. உனக்குப் பிடிச்சது."

அதே இழுப்பு. அதே இடைவெளி. முன்னால் சொன்னதில் ரூபி என்ற வார்த்தையை மட்டும் செருகியிருந்தது. அந்த வார்த்தையில் குரல் லேசாகத் தடுக்கியது, புதுச் செருப்பில் நடப்பவன்போல.

வெல்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஆர்விடுக்கு ரூபியைத் தெரியாது. ஆகவே இது ஆர்விட் இல்லை. கம்பிக்குள் போனதை மட்டுமே தெரிந்த ஏதோ ஒன்று. அந்தக் கடையில் அவன் விட்டுப்போன குரலை எடுத்துப் போட்டுக்கொண்டு, இப்போது அவள் சொன்னதையும் எடுத்துக்கொண்டு பேசுகிறது. ஸ்விட்சை மூட வேண்டும். கை அதன்மேல்தான் இருக்கிறது. எட்டித் தொடுகிற தூரத்தில் லொரெய்ன் முதுகைக் காட்டி நிற்கிறாள், ஏதோ முணுமுணுத்துக்கொண்டு தட்டுகளை அடுக்குகிறாள். ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும்.

அவள் கூப்பிடவில்லை. பயமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தப் பயமும் போர்வைக்கு வெளியே நின்று தட்டுவதுபோல இருந்தது. அதைவிட ஆசை பெரிதாக இருந்தது. எதுவாக இருந்தால் என்ன. குரல் அவனுடையது. அந்தக் குரல் ஒரே ஒரு தடவை அவள் பெயரைச் சொல்ல வேண்டும். ரூபி இல்லை. அவள் பெயரை.

"ரூபி இல்ல," என்றாள். குரலை இறக்கி, உதடு மைக்கில் படும்படி குனிந்து. "என் பேரு வெல்மா."

சத்தம் நின்றது. அந்தப் பெரிய இடம் முழுவதும் நின்று கேட்டது.

"வெல்," என்றது. நிறுத்தியது. "மா."

பிறகு சரியாக. காலையில் அவளை எழுப்புவானே, அப்படி. "வெல்மா."

அவளுக்கு அழுகை வந்தது. வந்தேவிட்டது. மார்புக்குள் உறைந்து கிடந்த ஏதோ ஒன்று உடைந்து, சூடாக மேலே ஏறி, கன்னத்தில் வழிந்தது. "இன்னொரு தடவ," என்றாள். "இன்னொரு தடவ சொல்லேன்."

பத்தொன்பது அணைந்தது.

காதில் ஒன்றுமில்லை. சும்மா அறுந்த கம்பி. ஈரமாக இருக்கும், அவ்வளவுதான். அவள் கன்னத்தைத் துடைத்தாள். நான்காம் எண் விளக்கு வந்தது. தட்டினாள்.

"என்ன பாட்டு வேணும்?"

"ஏ ரூபி, அந்த ட்ரம்பெட் பாட்டப் போடு தங்கம். போன தடவ வேற எதையோ போட்டு ஏமாத்திட்ட."

பின்னால் கோப்பைகள் உரசின. யாரோ சிரித்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. குரல் மட்டும் ஆர்விடுடையது.

அவள் ஸ்விட்சை மூடினாள். ஒன்பது எரிந்தது.

"ரூபியா? என் பொண்டாட்டிக்குப் பொறந்த நாள்மா." ஆர்விட்.

மூடினாள். ஏழு எரிந்தது.

"என்னடி பாட்டு இது, சோகமாப் போடாதன்னு சொன்னேன்ல? வந்து உதைக்கவா?" குடித்த பெண். ரயிலேறும் கணவனோடு மெதுவாக ஆட நினைத்த பெண். அதே கரகரப்பு. கடைசியில் அதே இழுப்பு. அவள் பின்னாலிருந்து அவளுடைய கணவனும் ஏதோ சொன்னான். அவனும்.

பலகை முழுவதும் எரிந்தது. வெல்மா காதிலிருந்து கருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். கை நடுங்கவில்லை. அது ஏன் நடுங்கவில்லை என்றுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கழற்றி வைத்த கருவிக்குள்ளிருந்து, எறும்பு அளவுக்குச் சிறுத்துப்போன ஆர்விடுகள், ஆணும் பெண்ணுமாக, பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

லொரெய்ன் திரும்பினாள். கையில் தட்டு. உதட்டில் அழியாத சிவப்பு. வழக்கமான கேலிப் பார்வை.

வாயைத் திறந்தாள்.

"என்னடி ஆச்சு? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கு? காப்பி குடிக்கிறியா?"

ஆர்விட்.

லொரெய்னுக்கு அது தெரியவில்லை. சிவப்பு உதடுகள் அசைந்தன, தொண்டை அசைந்தது, கண்களில் உண்மையான கரிசனம் இருந்தது. அவள் லொரெய்ன்தான். "வெல்மா?" என்றாள். காலையில் எழுப்புவதுபோல. "வெல்மா?"

வெல்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். நிறுத்தினாள். தன் வாயிலிருந்து எந்தக் குரல் வருமோ.

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இறுக்கமாக. பல் உதட்டில் பதிந்தது. மூச்சுகூட விடக்கூடாது. சத்தம் வரக்கூடாது.

லொரெய்ன் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓரடி நெருங்கினாள். விளக்குகள் எரிந்தன. ஜன்னல் கறுப்பாக இருந்தது.

வெல்மா சிரிக்கவில்லை. அவள் கைக்குள்ளே ஆர்விட் சிரித்தான்.