எந்த வாரத்துச் சிரிப்பு?

பவதாரிணிக்குச் சோறு இறங்கவில்லை. பிசைந்த ரசச் சோறு தட்டிலேயே ஆறிப்போனது. டிவியில் ராமக்காள் அழுதுகொண்டே படகில் ஏறிக்கொண்டிருந்தார்.

"கரை சேர்" என்று ஞாயிறுதோறும் வரும் ஒரு போட்டி நிகழ்ச்சி. கொஞ்சம் பேரை ஒரு தீவில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். மீன் பிடிப்பது, குடிசை போடுவது, எல்லாம் அவர்கள் பாடு. வாரம் ஒருமுறை ஆளுக்கொரு பெயரைச் சீட்டில் எழுதிப் பானைக்குள் போட வேண்டும். யார் பெயர் அதிகம் வருகிறதோ அவரைப் படகேற்றி அனுப்பிவிடுவார்கள். கடைசிவரை தீவில் இருப்பவருக்குப் பரிசு.

பவதாரிணி ராமக்காள் கட்சி. அலங்காநல்லூர்ப் பக்கம் வயல் வேலை பார்ப்பவர். நீச்சலோ, மரம் ஏறுவதோ, பாறை தூக்குவதோ, அவரை மிஞ்ச அந்தத் தீவில் ஆள் கிடையாது. அவரையே அனுப்பிவிட்டார்கள். அதிலும், அவர் பெயரை எழுதியவர்களில் முத்திருளனும் ஒருவர்.

முத்திருளன் வேற்று ஆள் இல்லை. செல்லூரில் பவதாரிணியின் தெருவிலேயே பைக் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். தீவில் அவர் காய்ச்சலில் கிடந்தபோது ராமக்காள் தன் பங்குக் கஞ்சியைக் கொடுத்துக் காப்பாற்றினார். அவருக்கே எதிராகச் சீட்டுப் போட்டதுமில்லாமல், அவர் அழுதபோது முத்திருளன் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். டிவியில் அதைப் பெரிதாக்கி வேறு காட்டினார்கள்.

"அவங்க கஞ்சியைக் குடிச்ச வாய்ம்மா அது," என்றாள் பவதாரிணி.

"குடிச்சவரு குடிச்சாரு. நீ சோத்தத் தின்னு," என்றார் அம்மா.

விசைத்தறிக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவோ, விளையாட்டு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். பவதாரிணிக்கு அப்பா மேலும் கோபம் வந்தது.

திங்கட்கிழமைகளில் ஆறாம் வகுப்பு, மதிய இடைவேளைக்காகக் காத்திருக்கும். பாதிப் பேர் வீட்டில் அந்த சேனல் வராது. அதனால் பவதாரிணிதான் வேப்பமரத்தடியில் நின்று முழுக்கதையும் நடித்துக் காட்டுவாள். நண்டு மாதிரி ஓடுவாள், படகு மாதிரி ஆடுவாள்.

முன்வரிசையில் எப்போதும் சரண்யாதேவி உட்கார்ந்திருப்பாள். முத்திருளனின் மகள். அப்பா பெயர் வரும்போதெல்லாம் அவள் முதுகு நிமிரும்.

அன்றைக்குப் பவதாரிணி எதையும் குறைத்துச் சொல்லவில்லை. கஞ்சியைச் சொன்னாள், சீட்டைச் சொன்னாள். கடைசியில் வாயைப் பொத்தித் தோளைக் குலுக்கி அந்தச் சிரிப்பையும் சிரித்துக் காட்டினாள். அச்சு அசலாக இருந்தது. எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். சரண்யாதேவி எழுந்து வகுப்புக்குள் போய்விட்டாள்.

மறுநாளே அந்தச் சிரிப்பு பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. சரண்யாதேவி தண்ணீர் பிடிக்கப் போனால், குழாயடியில் நான்கு பேர் வாயைப் பொத்தித் தோளைக் குலுக்கினார்கள். படியில் இறங்கினால், மேலே இரண்டு பேர். இதில் ராஜபாண்டி என்ற பையன் எல்லோரையும் மிஞ்சினான். அவன் தோளோடு சேர்த்து வயிற்றையும் குலுக்கினான்.

தெருவும் சும்மா இருக்கவில்லை. தெருமுனையில் "செல்லூரின் சிங்கமே" என்று முத்திருளனுக்கு வைத்திருந்த ஃப்ளெக்ஸில் யாரோ சாணியை அடித்திருந்தார்கள். கடையில் அவர் தலையைக் குனிந்து ஸ்பேனரைத் திருகிக்கொண்டே இருந்தார். தீவில் படம் பிடித்து முடித்து அவர் ஊர் திரும்பி மாதக்கணக்கில் ஆகிவிட்டது. ஆனால் நிகழ்ச்சி முடியும்வரை எதைப் பற்றியும் வாயைத் திறக்கக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள். "தீவுல கொசு உண்டாண்ணே?" என்று கேட்டால்கூட, "சொல்லக் கூடாதுப்பா" என்பதுதான் அவருடைய பதில்.

'நல்லா வேணும்' என்று நினைத்தபடியே பவதாரிணி அந்தக் கடையைக் கடந்து போனாள்.

புதன்கிழமை மாலை கோ-கோ பயிற்சி. சனிக்கிழமை பசுமலையில் இன்னொரு பள்ளியோடு போட்டி இருந்தது. பவதாரிணி அணித் தலைவி. சரண்யாதேவி அணியிலேயே வேகமான காலுக்குச் சொந்தக்காரி.

கோ-கோவில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் தாங்களாக எழுந்து ஓட முடியாது. ஓடி வருகிறவள் முதுகில் தட்டி "கோ" சொன்னால்தான் எழுந்து ஓடலாம். அன்று சரண்யாதேவியின் முதுகை யாருமே தட்டவில்லை. அவள் காலை மடக்கித் தயாராக உட்கார்ந்தே இருந்தாள். ஓடி வந்த ஒவ்வொருத்தியும் அவளைத் தாண்டிப்போய் அடுத்தவளைத் தட்டினாள்.

முதலில் பவதாரிணி அதைக் கவனிக்கவில்லை. கவனித்ததும், ராமக்காளைத் தீவில் ஒதுக்கியபோது தட்டில் சோறு ஆறிப்போனது அவளுக்கு நினைவு வந்தது. இங்கே ஒதுக்குகிறவர்கள் எல்லாம் அவளுடைய அணி.

பயிற்சி முடிந்ததும் சரண்யாதேவி நேராக ஆசிரியையிடம் போய், கால் வலிக்கிறது, சனிக்கிழமை வரவில்லை என்று சொல்லிவிட்டாள். பவதாரிணி அவள் பின்னாலேயே ஓடினாள்.

"கால் வலின்னு பொய்தானே சொல்ற?"

"ஆமா, பொய்தான். எங்க அப்பா சிரிச்சாருன்னு நீ சொன்ன பாரு, அதுவும் பொய்தான்."

"நான் பாத்தேன்டி. ஊரே பாத்துச்சு."

"நானும் பாத்தேன். அடுத்தவங்க அழுகுறப்ப எங்க அப்பா சிரிக்க மாட்டாரு. வீட்டுல கேட்டா, சொல்லக் கூடாதுன்னுட்டுத் திரும்பிப் படுத்துக்கிறாரு." சரண்யாதேவியின் குரல் உடைந்தது. "ஆனா சிரிச்சிருக்க மாட்டாரு. எனக்குத் தெரியும்."

பவதாரிணிக்குக் கோபம் வந்துவிட்டது. கண்ணால் பார்த்ததைப் பொய் என்கிறாளே. நிரூபித்துக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு விரைந்தாள்.

அம்மாவின் போனில் அந்த வார நிகழ்ச்சியைப் போட்டாள். சிரிக்கும் இடம் வந்ததும் நிறுத்தினாள். மறுபடி ஓட்டி, மறுபடி நிறுத்தினாள். வாயைப் பொத்திய கையின் கட்டைவிரலில் நீலத் துணி ஒன்று சுற்றியிருந்தது.

அந்தத் துணியை அவளுக்குத் தெரியும். பல வாரம் முன்பு நிகழ்ச்சியில், தேங்காய் உரிக்கும்போது முத்திருளன் விரலை வெட்டிக்கொண்டார். ராமக்காள் தன் சேலை ஓரத்தைக் கிழித்துக் கட்டிவிட்டார். அந்தக் காயம்தான் எப்போதோ ஆறிவிட்டதே?

சீட்டுப் போடும் இடத்துக்குத் தள்ளினாள். பானைக்குள் போகும் முத்திருளனின் கை வெறும் கை. படகு கிளம்பும் இடத்துக்குத் தள்ளினாள். அங்கேயும் விரலில் துணி இல்லை. நடுவில், சிரிக்கும்போது மட்டும் துணி இருந்தது.

பவதாரிணி பழைய நிகழ்ச்சிகளுக்குள் புகுந்து தேடினாள். கிடைத்துவிட்டது. ராமக்காள் ஒரு நண்டைத் துரத்திப்போய்ச் சேற்றில் வழுக்கி விழுந்து, தானே சிரிக்கிறார். சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். முத்திருளன், நீலத் துணி கட்டிய கையால் வாயைப் பொத்தித் தோள் குலுங்கச் சிரிக்கிறார். அதே சட்டை. பின்னால் காய்கிற அதே வலை.

அந்தச் சிரிப்பைத்தான் வெட்டிக்கொண்டு வந்து இங்கே ஒட்டியிருந்தார்கள்.

பவதாரிணியின் காது சூடேறியது. இத்தனை நாளும் யார் மேலோ கோபப்பட்டதெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. அவளை ஏமாற்றியிருக்கிறார்கள். ஒரு நிகழ்ச்சி விடாமல் பார்க்கிற அவளையே ஏமாற்றியிருக்கிறார்கள். அவளும் அதை நம்பி, மரத்தடியில் நின்று நடித்துக் காட்டியிருக்கிறாள்.

மறுநாள் மதியம் அவள் யாரும் கூப்பிடாமலே வேப்பமரத்தடியில் போய் நின்றாள். திங்கட்கிழமை தான் சொன்ன கதையில் ஒரு தப்பு இருக்கிறது என்று ஆரம்பித்து, துணியையும் நண்டையும் பற்றிச் சொன்னாள். வகுப்பு நம்பவில்லை. ராஜபாண்டி, காயம் மறுபடி பட்டிருக்கலாம் என்றான்.

"பட்டிருக்கட்டும். சீட்டுப் போடுறப்ப இல்லாத துணி, படகு போறப்பவும் இல்லாத துணி, நடுவுல சிரிக்கிறப்ப மட்டும் எங்கிருந்துடா வந்துச்சு?"

சாயங்காலம் தெருவில் அம்மாவின் போனையும் ராஜபாண்டியின் அண்ணனுடைய போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு சிரிப்பையும் ஓட்டிக் காட்டினாள். ஒரே சிரிப்பு. தறிக்குப் போகிறவர்கள்கூட நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"அடப்பாவிகளா," என்றான் ராஜபாண்டி. "நான் வயித்த வேற குலுக்குனேனே."

"ஒரு மனுசன் சிரிப்பை வெட்டி இன்னொரு எடத்துல ஒட்டலாமா? அதைக் கேக்காம, நாம அவரு மகளைப் போட்டு வாட்டுறோம்," என்றாள் பவதாரிணி. சொல்லும்போது அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற சரண்யாதேவி கேட்டாள்: "முதல்ல சிரிச்சுக் காட்டுனது யாரு?"

"நான்தான்," என்றாள் பவதாரிணி.

வெள்ளிக்கிழமை பயிற்சியில் முதல் "கோ" சரண்யாதேவிக்கே விழுந்தது. பவதாரிணி தட்டிய தட்டில் முதுகு சிவந்திருக்கும். கால் வலியைப் பற்றி ஆசிரியை கேட்டதற்கு, சரியாகிவிட்டது என்றாள் சரண்யாதேவி.

பயிற்சி முடிந்து இருவரும் ஒன்றாகவே தெருவுக்குத் திரும்பினார்கள். முத்திருளன் கடை வாசலில் ஒரு டியூபுக்குப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். பவதாரிணி நேரே அவர் எதிரில் போய் நின்றாள்.

"மாமா, நீங்க சிரிக்கலைன்னு எனக்குத் தெரியும்."

முத்திருளன் நிமிர்ந்து பார்த்தார். டியூபைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். கிரீஸ் கன்னத்தில் ஒட்டியது.

"ஆனா சீட்டுப் போட்டது நீங்கதான். அது தப்பு."

"ஏய், எங்க அப்பாகிட்டயேவா?" என்றாள் சரண்யாதேவி.

"கேக்கட்டும்த்தா. அதான் டிவியிலயே வந்துருச்சே, சொல்லலாம்." முத்திருளன் கையைத் துணியில் துடைத்தார். "அவங்க இருந்தா கடைசியில அவங்கதான் ஜெயிப்பாங்க. அதனால போட்டேன்."

"நம்மளைவிட நல்லா விளையாடுறவங்களை அனுப்பிட்டு ஜெயிச்சா, அது என்ன ஜெயிப்பு மாமா?"

அவர் டியூபை மறுபடி கையில் எடுத்தார். "அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரலத்தா. அதை டிவிக்காரங்க காட்டல," என்றார்.

சரண்யாதேவிக்குப் பொறுக்கவில்லை. போட்டி என்று வந்துவிட்டால் பலசாலியைத்தான் முதலில் அனுப்ப வேண்டும், கோ-கோவிலும் வேகமாக ஓடுகிறவளைத்தானே முதலில் துரத்துகிறோம் என்றாள். நான் யாரிடமும் கஞ்சி வாங்கிக் குடித்துவிட்டுத் துரத்தவில்லையே என்றாள் பவதாரிணி. சண்டை தெருமுனைவரை போனது. அங்கே முடியாததால் திரும்பவும் கடைவரை வந்தது. அதற்குள் முத்திருளன் பஞ்சரை ஒட்டி, காற்றையும் அடித்து முடித்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வா. மிச்சத்த அங்க டிவி முன்னாடி வச்சுப் பேசிக்கலாம்," என்றாள் சரண்யாதேவி.

"வாரேன்," என்றாள் பவதாரிணி. "ஆனா திட்டுவேன்."