வெள்ளை மணல் படை

வெள்ளை மணல் படையின் அடி இருபத்திரண்டு சென்டிமீற்றர் ஆழத்தில் இருக்க வேண்டும். அளவு நாடா நாற்பத்தொன்று என்றது.

ஓட்றி மறுபடி அளந்தாள். போர் முடிந்த மறு வருடம், மட்டக்களப்பு வாவிக்கரையில் அவர்கள் வெட்டிய குழி அது. முந்தின நாள் மாலை, குழிச் சுவரில் ஒவ்வொரு மண்படைக்கும் அவளே ஆணி அடித்துச் சீட்டுக் கட்டியிருந்தாள். அடியில் ரோமர் காலத்து மட்பாண்டச் சில்லுகள், அதற்கு மேல் இடைக்காலத்துச் செங்கல், எல்லாவற்றுக்கும் மேலே சுனாமி கொட்டிவிட்டுப் போன வெள்ளை மணல். பழையது கீழே, புதியது மேலே. இந்த ஒழுங்கை நம்பித்தான் அவள் பிழைப்பே நடந்தது.

“டேப்பப் பிழையாப் புடிச்சிருப்பீங்க மிஸ்,” என்றான் இர்ஷாத், வாவித் தண்ணீரில் சில்லுகளைக் கழுவியபடி. கூடத் தொல்லியல் ஆராய்ச்சி செய்பவன், இலேசில் பதறாதவன்.

“ரெண்டு தரம் அளந்துட்டன்.”

“அப்ப சுரண்டிப் பாருங்க.”

வேறு யாராவது என்றால் எழுந்து போயிருப்பார்கள். இவர்களுக்கோ, சுவரில் புதிதாக எது தெரிந்தாலும் மண்கரண்டியால் சுரண்டித் துப்புரவாக்கிப் பார்த்தால்தான் மனம் ஆறும்.

உச்சி வெயிலிலும் குழிக்குள் குளிர்ந்தது. கரண்டி உராய உராய உப்பும் சேறும் கருகலும் கலந்த ஒரு வாடை எழுந்து தொண்டையில் ஒட்ட, மணலுக்கு மேலே ஒரு கரிப்படை மெல்லத் தெரிந்தது. சண்டைக்காலத்துக் கரியாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அதற்கும் மேலே இன்னொரு வெள்ளை மணல். தடித்தது. ஈரமானது.

இன்னும் வராத அலையின் மணல்.

ஓட்றி கடல் இருக்கும் பக்கம் திரும்பினாள். தம்பி றயனை அலை கொண்டுபோனதும் கொழும்புக்கு ஓடியவள், இனி வராது என்று நம்பித்தான் ஐந்து வயது மகள் நட்டாஷாவோடு திரும்பி வந்தாள். பிள்ளை இப்போது கல்லடியில், கடலோர வீட்டில் இருக்கிறாள்.

“இர்ஷாத், வண்டிய எடுங்க. புள்ளைக்கிட்டப் போகணும்.”

“மிஸ்...” அவன் குரல் தேய்ந்திருந்தது. “வாவித் தண்ணி பின்னுக்குப் போகுது.”

ஏறி ஓடியிருக்கலாம். பாதி சுரண்டிய படையை விட்டுப் பழக்கமில்லாத கை நிற்கவில்லை. ஒரே ஒரு தரம்.

மணல் சரிந்தது.

சின்ன விரல்கள். நகங்களில் நீலப் பூச்சு. இன்று காலை நட்டாஷாவுக்கு அவள் பூசிவிட்டது.

தொட்டாள். சூடு இருந்தது.

விரல்கள் அவள் பெருவிரலை இறுகப் பிடித்துக்கொண்டன.